சீனியர் இல்லாதவர்களுக்கு ஒரு பென்சில்

சாயங்காலம் நாலரை மணிக்குத் தம்புச்செட்டித் தெரு டீக்கடையில் நிற்க இடம் கிடைக்காது. கோர்ட் முடிந்து, கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். போன வாரம் அங்கே பழைய பழக்கமுள்ள ஒரு ஜூனியர் பெண்ணைப் பார்த்தேன். பார் கவுன்சிலில் பதிவு செய்து அவளுக்கு 5 வருஷம் ஆகிறது. "மேடம், 18 வருஷம் சிவில் சைடுல நின்னுட்டு டிராஃப்டிங் கிளாஸ் எடுக்கப் போயிட்டீங்களே, அது எப்படி? எனக்கும் அந்த எண்ணம் இருக்கு" என்றாள். இரண்டு டீ சொன்னேன். அன்று அவளிடம் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வக்கீல் என்றால் பேசுகிறவர் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். சிவில் கோர்ட்டில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், அங்கே பேச்சைவிடத் தாள்தான் அதிகம் நடமாடுகிறது. வழக்குரை, அதற்குப் பிரதிவாதி போடும் எதிர்வழக்குரை, இடைக்கால மனு, அதோடு ஒரு பிரமாணப் பத்திரம், கடைசியில் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு ஒரு மனு. ஒவ்வொன்றையும் யாரோ ஒரு வக்கீல் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். வழக்குரையில் இல்லாத ஒரு சங்கதியைப் பிறகு சாட்சிக் கூண்டில் ஏறி எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் கோர்ட் அதை எடுத்துக்கொள்ளாது. ஆனால் கட்சிக்காரர் பெரும்பாலும் அந்தத் தாளைப் படிப்பதில்லை. கையெழுத்துப் போடும் இடத்தைக் குமாஸ்தா விரலால் காட்டுவார், அவர் போடுவார். நம்மை நம்பித்தான் போடுகிறார்.

அந்த நம்பிக்கையின் கனம் எனக்குத் தெரிந்தது தொழிலுக்கு வந்த மூன்றாம் வருஷத்தில். சென்னைக்குத் தெற்கே ஒரு முன்சீப் கோர்ட்டில், ஒரு மனையின் சுவாதீனம் கேட்டு வழக்கு. வாதி ஓய்வுபெற்ற தபால்காரர். சீனியர் வெளியூர் போயிருந்தார், காலக்கெடு நெருங்கிவிட்டது, வழக்குரையை நானே முடித்துத் தாக்கல் செய்தேன். கடைசிப் பக்கத்தில் சொத்து விவரமும் அதன் எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியும். கிரையப் பத்திரத்தில் கிழக்கே 20 அடி ரோடு, மேற்கே பக்கத்து மனை. நான் அடித்ததில் கிழக்கு மேற்காகவும் மேற்கு கிழக்காகவும் போய்விட்டது.

யாருமே கவனிக்கவில்லை. எந்த மனை என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும், அதனால் விசாரணையில் அந்தப் பேச்சே எழவில்லை. வாதிக்குச் சாதகமாகத் தீர்ப்பாகி டிகிரியும் வந்தது. நிறைவேற்று மனு போட்டு அமீனா இடத்துக்குப் போனபோதுதான், எதிர்த்தரப்பு டிகிரி நகலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. "இதில் எழுதியிருக்கிற மனை இது இல்லை, செக்குபந்தியைப் பாருங்கள்." அமீனா அப்படியே எழுதிக்கொண்டு திரும்பிவிட்டார். பிறகு திருத்த மனு, அதற்கு ஆட்சேபணை, அதன்மேல் ஒரு சீராய்வு என்று மேலும் இரண்டு வருஷத்துக்குமேல் போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தப் பெரியவர் பஸ் பிடித்து வருவார். "அம்மா, இன்னிக்கு முடிஞ்சிடுமா?" என்பார். தவறு என்னுடையது என்று அவரிடம் நானே சொன்னேன். அவர் திட்டவில்லை. சுவாதீனம் எடுத்த அன்று ஆபீசுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தார். அந்தப் பழத்தை என்னால் சாப்பிட முடியவில்லை.

அன்றைக்கு அந்த வழக்குரை சீனியரின் கைக்குப் போயிருந்தால் தப்பியிருக்கும். அவர் மேஜையில் எப்போதும் சீவிய பென்சில்கள் நாலைந்து இருக்கும். ஜூனியர் எழுதியதைப் படிக்கும்போது அவர் வாயே திறக்கமாட்டார். ஓரத்தில் சின்னச் சின்னக் கேள்விகள்தான் விழும். 'யார்?' 'எப்போது?' 'எதை வைத்து நிரூபிப்பாய்?' சொத்து விவரம் வந்தால் மூலப் பத்திரத்தைப் பக்கத்தில் விரித்து, ஒரு விரல் இங்கே ஒரு விரல் அங்கே வைத்து ஒப்பிடுவார். என்னிடம் இருக்கிற எழுத்து முழுவதும் அந்த ஓரக் கேள்விகளிலிருந்து வந்ததுதான்.

எங்கள் தொழிலில் எழுத்து தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. அப்படி ஒரு சீனியர் அமைந்தால் உண்டு. அமையாதவர்களுக்குப் பழைய கட்டுதான் வாத்தியார். குடும்பத்தில் முதல்முதலாகச் சட்டம் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு யாரைப் போய்ப் பார்ப்பது என்றே தெரியாது. யாரோ ஒருவரின் ஆபீசில் சேர்ந்து, நாலு வருஷம் வாய்தா வாங்க மட்டும் ஓடிவிட்டு, ஐந்தாம் வருஷம் தனியாக ஒரு வழக்குரை எழுத உட்காரும்போது கை ஓடாது. பழைய கட்டிலிருந்து பெயரை மட்டும் மாற்றி எழுதுவார்கள். முந்தின வழக்கின் கிராமப் பெயர் புது வழக்குக்குள் அப்படியே உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பென்சில் வேண்டும் என்று தோன்றியது. நான் வகுப்புக்குப் போனதற்குக் காரணம் இவ்வளவுதான்.

"ஆனா காலேஜ்லயே டிராஃப்டிங் பேப்பர் இருக்கே மேடம்?" என்று கேட்டாள். இருக்கிறது. இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளில் அது கட்டாயச் செய்முறைப் பாடம். வழக்குரை, ஜாமீன் மனு, ரிட் மனு மாதிரியானவற்றில் 15 பயிற்சி, பத்திரங்களில் 15 பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண், மிச்சம் 10 வாய்மொழித் தேர்வுக்கு. எழுதி வைத்தவர்கள் நன்றாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு மாணவர் 30 தடவை எழுதி, 30 தடவையும் யாராவது உட்கார்ந்து திருத்தினால் அவர் தேறிவிடுவார். நடப்பது என்னவென்றால், மேல் வகுப்பு மாணவரின் ரெக்கார்ட் நோட்டு கைமாறுகிறது, அழகான கையெழுத்தில் காப்பி ஆகிறது, ஓரத்தில் ஒரு டிக் விழுகிறது. 80 பேர் வகுப்பில் 30 பயிற்சி என்றால் 2,400 தாள். ஒரே ஆசிரியர், அவருக்கு வேறு இரண்டு பாடமும் இருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொன்றும் உண்டு. 1891-ல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி நெடுங்காலம் உயர்நீதிமன்ற வளாகத்தை ஒட்டியே இருந்தது. வகுப்பு முடிந்து நாலு எட்டு வைத்தால் கோர்ட் ஹால். நல்ல வாதமும் காதில் விழும், மனு சரியில்லை என்று நீதிபதி கேட்கும் கேள்வியும் விழும். 2018-ல் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் மாறிவிட்டது. கட்டடமும் இடவசதியும் கூடியிருக்கலாம். ஆனால் கோர்ட்டின் சத்தம் காதில் விழுகிற தூரம் போய்விட்டது. கோர்ட்டிலேயே கிடந்தவர்கள் இப்போது வகுப்புக்குப் போயாக வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது வழி. அதைச் சுருக்கமாகவே சொன்னேன். வக்கீல் தொழிலை விடாமலே பாடம் எடுக்கலாம். இதற்காகவே மத்திய அரசு 1979-ல் விதி போட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்படாமல் சட்டம் கற்பித்தால், அதை என்ன பெயரிட்டு அழைத்தாலும் பகுதிநேர வேலையாகத்தான் கணக்கு. முழுநேரச் சம்பள வேலை என்றால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். அதற்கு எல்.எல்.எம். வேண்டும், 55 சதவீத மதிப்பெண் வேண்டும், அதோடு நெட் அல்லது செட் தேர்ச்சி, இல்லையென்றால் உரிய முறையில் வாங்கிய பிஎச்.டி. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது, நான் எழுதியது 43 வயதில். 15 வருஷத்துக்குமேல் தொழில் அனுபவம் உள்ளவர்களைப் பட்டத் தகுதி பார்க்காமல் 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று எடுத்துக்கொள்ளவும் யூ.ஜி.சி. 2022-ல் வழி திறந்திருக்கிறது, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். "முதல்ல மூணு மணி நேரம் போய்ப் பாரும்மா. நான் ரெண்டு வருஷம் அப்படிப் போன பிறகுதான் கட்டுகளை மத்தவங்களுக்கு மாத்திக் கொடுத்தேன்" என்றேன்.

வகுப்புக்குள் போன முதல் அரையாண்டு நான் செய்ததெல்லாம் தப்பு. கோர்ட்டில் நடந்த கதைகளைச் சொன்னேன். பிள்ளைகள் ரசித்துக் கேட்டார்கள், மணி அடித்தும் எழுந்திருக்க மாட்டார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. முடிவில் அவர்கள் எழுதித் தந்த தாள்களைப் பார்த்தபோது ஒன்றுகூட முன்னேறவில்லை. நான் பேசக் கேட்டதால் அவர்களுக்கு எழுத வந்துவிடாது என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். என் சீனியர் எனக்குச் சொற்பொழிவு செய்ததே இல்லையே.

அடுத்த அரையாண்டில் மாற்றினேன். மாதிரிப் படிவம் கொடுப்பதை நிறுத்தினேன். நானே கட்சிக்காரராக நாற்காலியில் உட்கார்வேன். "தம்பி, ஒருத்தருக்குக் கடன் கொடுத்தேன், திருப்பித் தரமாட்டேங்கிறாரு." அவர்கள் கேட்டால்தான் மிச்சத்தைச் சொல்வேன். கேட்டு வாங்கியதை முதலில் தேதிப் பட்டியலாக எழுத வேண்டும், வழக்குரை அப்புறம்தான். பட்டியல் எந்த மொழியிலும் இருக்கலாம். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாக்கியம் தேடுவதிலேயே சங்கதியைத் தொலைத்துவிடுகிறார்கள். தமிழில் பட்டியல் போடச் சொன்னால் அதே பிள்ளைகள் கூர்மையாக எழுதுகிறார்கள். இது வகுப்புக்கு மட்டும் ஆகிற சங்கதியும் இல்லை. 1976-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நம் மாநிலத்தின் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் உண்டு. அரசமைப்பின் 348-வது பிரிவால் உயர்நீதிமன்றத்தில்தான் ஆங்கிலம். முன்சீப் கோர்ட்டில் நல்ல தமிழில் வழக்குரை எழுதத் தெரிந்தவருக்கு அங்கே மரியாதை இருக்கிறது.

ஒரு மாணவர் எழுதிய தாளைச் சொல்கிறேன், அவளுக்கும் இதைத்தான் விரிவாகச் சொன்னேன். புரோநோட்டு வழக்கு, நான் கட்டிய கற்பனைச் சங்கதிதான். 14.06.2022 அன்று ரூ.3,00,000 கடன், கேட்டபோது திருப்பித் தருவதாகப் புரோநோட்டு. வழக்குத் தாக்கல் செய்வது 2025 ஆகஸ்டில். மாணவர் எழுதியது இப்படி இருந்தது: 'வாதியும் பிரதிவாதியும் நெடுநாளைய நண்பர்கள். வாதி மிகுந்த நாணயமானவர். பிரதிவாதி தன் குடும்பத் தேவைக்காக வாதியை அணுகிக் கெஞ்சிக் கேட்டதன்பேரில் வாதி மேற்படி கடனைக் கொடுத்தார். பிரதிவாதி அவ்வப்போது வட்டி செலுத்தி வந்து, பிறகு இன்று நாளை என்று காலம் கடத்தி வாதியை ஏமாற்றி வருகிறார்.'

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு கதை தெரிகிறது, கோபம்கூட வருகிறது. நான் ஒரே ஒரு சொல்லின் அடியில் கோடு போட்டேன். 'அவ்வப்போது.' ஓரத்தில் 'எப்போது?' என்று எழுதினேன்.

இந்த மாதிரிப் புரோநோட்டுக்குக் காலவரையறை அதன் தேதியிலிருந்து மூன்று வருஷம். 2025 ஜூனோடு அது முடிந்துவிட்டது. ஆகஸ்டில் போட்ட வழக்கு எழுந்து நிற்க வேண்டுமானால், கெடு முடிவதற்குள் பிரதிவாதி ஏதாவது வட்டி கட்டியிருக்க வேண்டும், அதற்கு அவர் கைப்பட எழுதியதோ கையெழுத்திட்டதோ ஒன்று இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கட்டிய நாளிலிருந்து புதிதாக மூன்று வருஷம் என்று காலவரையறைச் சட்டத்தின் 19-வது பிரிவு சொல்கிறது. என் கதையில் அது இருந்தது. 03.11.2023 அன்று ரூ.18,000 வட்டி கட்டி, நோட்டின் பின்புறம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னிடம் அந்த மாணவர் அதைக் கேட்டு வாங்கியும் இருந்தார், தேதிப் பட்டியலில்கூட இருந்தது. வழக்குரை எழுதும்போது அந்தத் தேதியை எடுத்துவிட்டு 'அவ்வப்போது' என்று போட்டுவிட்டார். அப்படிப் போட்டால்தான் வழக்குரை மாதிரி ஒலிக்கிறது என்று நினைத்திருக்கிறார். காலவரையறையிலிருந்து தப்பும் காரணத்தை வழக்குரையிலேயே சொல்லியாக வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7-வது கட்டளை, 6-வது விதி. அந்த மூன்று லட்சத்தைக் காப்பாற்றுகிற ஒரே நாள், அந்த ஒரு சொல்லுக்குள் காணாமல் போயிருந்தது.

இரண்டு தடவை திருத்திய பிறகு அவர் எழுதியது: '03.11.2023 அன்று பிரதிவாதி வட்டிக் கணக்கில் ரூ.18,000 செலுத்தி, அதைக் கடன் உறுதிச் சீட்டின் பின்புறம் தன் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டார். ஆகவே இவ்வழக்கு காலவரையறைக்கு உட்பட்டது.' நாணயம், கெஞ்சல், ஏமாற்று எல்லாம் தானாகப் போய்விட்டன. வழக்குரையில் முக்கியச் சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல், சாட்சியத்தைச் சொல்லாதே என்கிற 6-வது கட்டளையின் 2-வது விதியை நான் வகுப்பில் பத்து தடவை வாசித்திருப்பேன். அந்த ஒரு சொல்லின் அடியில் கோடு போட்டபோதுதான் அது அவருக்குள் போனது.

இதே கடனை மறுத்து எதிர்வழக்குரை எழுதச் சொன்னால் இன்னொரு கூத்து நடக்கும். 'பிரதிவாதி வாதியிடம் ரூ.3,00,000 கடன் வாங்கவில்லை' என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். சரி, ரூ.2,99,000 வாங்கினாரா? பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் 8-வது கட்டளையின் 4-வது விதி இதையேதான் சொல்கிறது. ஒரு தொகையை வாங்கியதாகச் சொன்னால், அந்தத் தொகையையோ அதில் எந்தப் பகுதியையோ வாங்கவில்லை என்று மறுக்க வேண்டும், வாங்கியிருந்தால் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். மழுப்பி மறுத்தது, மறுக்காததாகிவிடும். குறிப்பாக மறுக்காதது ஒப்புக்கொண்டதாகிவிடும். 'மேற்படி' என்கிற சொல்லும் அப்படித்தான். மூன்று பிரதிவாதிகள் உள்ள வழக்கில் 'மேற்படி நபர்' என்று எழுதினால் யார் அவர்? எங்கள் வகுப்பில் 'மேற்படி'க்குப் பக்கத்தில் பெயரோ எண்ணோ இல்லாவிட்டால் தாள் திரும்பிப் போகும்.

அமெரிக்காவில் இந்தப் பாடத்துக்கு நல்ல இடம் உண்டு. அங்கே சட்டப் பள்ளிகளில் முதல் வருஷத்திலேயே எழுத்துப் பயிற்சி கட்டாயம், பின்னால் இன்னொரு முறையும் கட்டாயம். வழக்காடி வந்தவர்கள் பலர் அங்கே அதையே முழுநேரமாகக் கற்பிக்கிறார்கள், 1984-லிருந்து அவர்களுக்கென்று ஒரு சங்கமே இருக்கிறது. இருந்தும் மற்றப் பேராசிரியர்களுக்கு இணையான பதவியும் பாதுகாப்பும் கேட்டு அவர்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. எழுத்து யாருக்கும் தானாக வந்துவிடும் என்கிற நினைப்பு எல்லா ஊரிலும் இருக்கிறது போலும். நம் நாட்டில் நீதிபதிகளின் எழுத்தே இந்தக் கேள்விக்கு உள்ளானது உண்டு. 2017-ல் இமாச்சலப் பிரதேச உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. அது வாடகை வழக்கு. வீட்டுக்காரரும் குடியிருந்தவரும் அந்த எழுத்தின் முடிவுக்காகத்தான் காத்துக்கிடந்தார்கள்.

"கோர்ட்டுக்கு வராம இருக்கிறது கஷ்டமா இல்லையா மேடம்?" என்றாள். இருக்கிறது. திங்கள்கிழமை காலையில் காஸ் லிஸ்ட் பார்க்கக் கை போகும். குறுக்கு விசாரணை நல்லபடி போன நாளின் சந்தோஷத்துக்கு ஈடாக வகுப்பில் ஒன்றும் இல்லை. ஆனால் நான் வழக்காடிய காலத்தில் ஒரு நாளில் ஒரு கட்சிக்காரரின் தாளைத்தான் சரி பார்க்க முடிந்தது. இப்போது ஒரு மாணவரின் ஓரத்தில் 'எப்போது?' என்று எழுதும்போது, அவர் பின்னாளில் சந்திக்கப்போகிற தபால்காரர்கள் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். இப்போதும் சொத்து விவரம் வந்தால் பத்திர நகல் இல்லாமல் நான் திருத்துவதில்லை. இரண்டு விரல் வைத்துத்தான் படிக்கச் சொல்கிறேன்.

டீ ஆறிப்போயிருந்தது. சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது, வந்து உட்கார்ந்து பார் என்றேன். வரும்போது நீ எழுதின வழக்குரை ஒன்றும், அதில் உன் சீனியர் திருத்திக் கொடுத்த நகலும் கொண்டு வா, பிள்ளைகளுக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம் என்றேன். அவள் முகம் சுருங்கியது. "ஃபேர் காப்பி எடுத்ததும் திருத்தின காப்பிய தூக்கிப் போட்டுட்டேன் மேடம்."

"குமாஸ்தாகிட்ட கேளும்மா. பழைய ஆளா இருந்தா கட்டுக்குள்ளயே வெச்சிருப்பாரு."

அங்கேயே நின்றுகொண்டு போன் போட்டாள். இருக்கிறதாம்.